நாலு விரல் தள்ளி

அந்த ஸ்மார்ட் போர்டுக்கு வந்த நாளிலிருந்தே கோணல் புத்திதான். தொட்ட இடத்தில் கோடு விழாது; நாலு விரல் வலப்பக்கம் தள்ளித்தான் விழும். பழைய கரும்பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், கணக்கு டீச்சர் வேறு எங்கே எழுதுவாள்? புகார்ப் புத்தகத்தில் எழுதினாள். "பாத்துக்கலாம்மா" என்றார் தலைமையாசிரியர். மறுபடி எழுதினாள். ஏழு மாதத்தில் பதினேழு புகார். கை வலித்ததுதான் மிச்சம், ஒரு ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை.

கடைசியில் அவளே இறங்கி வந்தாள். கோடு எங்கே வேண்டுமோ அதற்கு நாலு விரல் இடப்பக்கம் தொட்டாள். முக்கோணமும் வட்டமும் சொன்னபடி கேட்டன. பிள்ளைகளும் அப்படியே பழகிக்கொண்டார்கள்.

இன்று ஆய்வாளர் வந்திருந்தார். மூன்று வருடமாக அவள் தற்காலிக ஆசிரியை. ஒரு பாடம் பார்த்துவிட்டு அவர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம், போடாவிட்டால் இந்த மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். "இன்னைக்காவது பொறுமையா இரு, யாரையும் கடிச்சு வைக்காதே" என்றுதான் கணவர் காலையில் வழியனுப்பினார்.

திரையில் ஒரு முக்கோணம். அதன் உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்குச் செங்குத்துக்கோடு போட வேண்டும். டீச்சர் வழக்கம்போல நாலு விரல் தள்ளித் தொட்டு இழுத்தாள். கோடு உச்சியை ஒட்டாமல் முறைத்துக்கொண்டு தனியாக நின்றது. அழிக்கப் போனாள், பக்கத்துப் பொத்தான் பட்டு முக்கோணமே காணாமல் போயிற்று. அதைத் திரும்பக் கொண்டுவருவதற்குள் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

கடைசி பெஞ்சிலிருந்த ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதட்டப்படாதீங்க. ஒரு பிள்ளையக் கூப்பிடுங்க."

முன்பெஞ்ச் இரட்டைச்சடைக்காரி வந்தாள். அவள் கோடும் அதே இடத்தில் விழுந்தது. இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மூன்று பேரும் அளந்து வைத்த மாதிரி ஒரே தப்பைச் செய்தார்கள்.

"போர்டு சரியாத்தான் சார் இருக்கு," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியர். "காலைலதான் ஆள் வரவச்சுப் பாத்தோம்."

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அஞ்சு நிமிஷம் சார்" என்று வெளியே பாய்ந்தாள்.

வராந்தாவில் மெக்கானிக், புகார்ப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தலைமையாசிரியரின் கையெழுத்துக்காக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, போர்ட என்ன பண்ணீங்க?"

"கோணலா இருந்துச்சு டீச்சர். நேராக்கிட்டேன். ரெண்டு நிமிஷ வேலை."

ரெண்டு நிமிஷம். வருவது அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"திரும்பக் கோணலாக்குங்க."

"என்னது?"

"பழையபடி ஆக்குங்கண்ணே. உள்ள என் பொழப்பு போயிட்டிருக்கு."

அவர் தலையைச் சொறிந்தார். "புகார் இல்லாம நான் கை வைக்கக் கூடாது டீச்சர். புத்தகத்துல எழுதிக் குடுங்க."

அவள் புத்தகத்தைப் பிடுங்கி எழுதினாள். எண் பதினெட்டு. 'போர்டு சரியாக வேலை செய்கிறது. தயவுசெய்து பழையபடி ஆக்கித் தரவும்.'

பேனாவை எடுப்பதற்குள் ஒரு கை புத்தகத்தை வாங்கிக்கொண்டது. ஆய்வாளர். பதினெட்டைப் படித்தார், சிரிக்கவில்லை. பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பி முதல் புகார்வரை போனார். அவருக்குப் பின்னால் வந்து நின்ற தலைமையாசிரியர், மேல்கூரையில் எதையோ தீவிரமாகத் தேட ஆரம்பித்தார்.

"ஏழு மாசமா எப்படிப் பாடம் எடுத்தீங்க?"

"நாலு விரல் தள்ளி, சார்."

"பிள்ளைங்க?"

"அவங்களும்தான்."

ஆய்வாளர் புகார்ப் புத்தகத்தையே அட்டையாக வைத்து, அதன்மேல் அவளுடைய பணி நிரந்தரத் தாளை விரித்துக் கையெழுத்துப் போட்டார். தாளை அவளிடம் கொடுத்தார். புத்தகத்தைக் கொடுக்கவில்லை. "இது எங்கிட்ட இருக்கட்டும்" என்றார் தலைமையாசிரியரைப் பார்த்து.

வேலை நிரந்தரம். சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் நாற்பது பிள்ளைகளுக்கும் தொடுகிற இடத்தை முதலிலிருந்து சொல்லித்தர வேண்டுமே என்று நினைத்ததும் எரிச்சல் மறுபடி தலைக்கேறியது.

"அப்ப கோணலாக்கணுமா, வேணாமா டீச்சர்?" மெக்கானிக் பின்னாலிருந்து கேட்டார்.

வாயைத் திறந்தால் காலையில் கணவர் சொன்னது காற்றில் போய்விடும். அவள் விறுவிறுவென்று வகுப்புக்குள் போனாள்.