ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சொன்னது

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதைப் பற்றி யாரிடமும் வாதாடி ஜெயிக்கவும் அவர் முயன்றதில்லை. கம்பி நன்றாக இருந்தால் பெட்டி மேலே போகும், தேய்ந்தால் நின்றுவிடும், அவ்வளவுதான் என்பார். அவருடைய அண்ணன் நேரெதிர். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வுபெற்ற பிறகும் எல்லோருக்கும் வாத்தியார்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக் கூடத்தில் பிரார்த்தனை நடக்கும். இருபது முப்பது பேர் வருவார்கள்.

அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசிப் பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. மெக்கானிக்கின் ஒரே மகள் ஆறு வயதில் மூளைக்காய்ச்சலில் இறந்தாள். மூன்றே நாள். உடலை எடுப்பதற்கு முன்னால், அதே பிரார்த்தனைக் கூட்டத்து ஆட்கள் காதுபட வாத்தியார் சொன்னார்: "கடவுளை வேண்டாம்னு சொன்ன வீடு. அவரும் வேண்டாம்னுட்டார்."

மெக்கானிக் அதைத் தாங்கிக்கொண்டார். அவர் மனைவிக்குத்தான் அது உள்ளே போய்விட்டது. "உங்களாலதான் என் குழந்தை போச்சு" என்று சில மாதம் கழித்து ஒரு நாள் சோறு போடும்போது சாதாரணமாகச் சொன்னாள். அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

இப்போது வாத்தியாருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். அதுவும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் மயங்கி விழுந்தார். பிள்ளைகள் இல்லை. யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால்தான் உண்டு. அண்ணிக்குச் சர்க்கரை என்பதால் அவளால் கொடுக்க முடியாது. அவள் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில் அவர் வேலை செய்துகொண்டிருந்த லிஃப்ட் மோட்டார் அறைக்கே தேடி வந்தாள். மெக்கானிக் கிரீஸ் கையோடு எழுந்து நின்றார்.

"உங்ககிட்ட வர்றதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல தம்பி."

"உக்காருங்க அண்ணி. டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம்" என்றார் அவர்.

ரத்தம் ஒத்துப்போனது. டாக்டர் இவ்வளவு பொருத்தம் அபூர்வம் என்றார். கடைசியாக ஒரு ஸ்கேன் மட்டும் பாக்கி. அதற்கு முந்தின ஞாயிறு மெக்கானிக் அண்ணன் வீட்டுக்குப் போனார். பிரார்த்தனை முடிந்து எல்லோரும் எழுந்துகொண்டிருந்தார்கள். வாத்தியார் நாற்காலியில் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தம்பியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"அன்னைக்கு நான் பேசினது தப்புடா. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிடு."

பத்தொன்பது வருஷமாகக் காத்திருந்த சொல் கிடைத்துவிட்டது. அதோடு அவர் விட்டிருக்கலாம்.

"மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம்ணா. அன்னைக்கு யார் முன்னால பேசினீங்களோ அவங்கதான் இங்க நிக்கிறாங்க. கடவுள் இல்லைன்னு அவங்க முன்னால சொல்லுங்க. ஸ்கேனுக்குப் போறேன். இல்லன்னா இல்ல."

அண்ணி ஏதோ சொல்ல வந்தாள். வாத்தியார் கையை உயர்த்தித் தடுத்தார். கூட்டத்தில் ஒருவரும் வெளியே போகவில்லை. செருப்பு மாட்டியவர்கள்கூட வாசலிலேயே நின்று வேடிக்கை பார்த்தார்கள். வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உதடு அசைந்தது.

"கேக்கல" என்றார் மெக்கானிக்.

"கடவுள் இல்லை."

"இன்னொரு தடவை. வகுப்புல சொல்ற மாதிரி."

வாத்தியார் வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னார். சொல்லி முடித்ததும் வேட்டி நனைந்தது. நோயாளிக்கு அது சகஜம்தான் என்று மெக்கானிக் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தெருவில் இறங்கி நடந்தபோது அவருக்கு மனசு லேசாகவே இருந்தது. ஒரு டீகூடக் குடித்தார்.

ஸ்கேன் புதன்கிழமை. டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவருடைய இடது சிறுநீரகத்தில் மூன்று சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி.

"நீங்க யாருக்கும் கொடுக்க முடியாது. ஆனா உங்க நல்ல நேரம், இப்பவே கண்ணுல பட்டது. ரெண்டு மூணு வருஷம் போயிருந்தா நாங்க ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

பத்து நாளில் அறுவை சிகிச்சை முடிந்தது. கட்டியோடு அந்தச் சிறுநீரகத்தையும் எடுத்துவிட்டார்கள். வேறெங்கும் பரவவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார்.

வாத்தியார் டயாலிசிஸுக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டதும் தையல்கூடச் சரியாக ஆறாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முகம் ஊதி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"ஏண்ணா இப்படிப் பண்றீங்க? நீங்க அன்னைக்குச் சொன்னதுக்கும் எனக்குக் கட்டி வந்ததுக்கும் சம்பந்தமே இல்ல. அந்தக் கட்டி வந்து ரெண்டு வருஷமாவது இருக்கும்னு டாக்டர் சொல்றார். நீங்க வாயத் திறக்கறதுக்கு முன்னாலயே அது அங்க இருந்துச்சு."

வாத்தியார் மெல்லத் திரும்பினார். கணக்கில் தப்புச் செய்த பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நான் சொல்லுவேன்னு அவருக்கு முன்னாடியே தெரியும்டா."

அண்ணி தம்பியைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். "பொய்யாவாவது சொல்லுங்க. கடவுள் இருக்கார், மன்னிச்சிட்டார்னு சொல்லுங்க. நீங்க சொன்னா ஒருவேளை ஆஸ்பத்திரிக்கு வருவார். உங்களுக்கு அது வெறும் வார்த்தைதானே."

அவர் அண்ணனிடம் திரும்பிப் போனார். வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொல்லாதது. இருந்தும் கட்டிலருகே மண்டியிட்டு, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"கடவுள் இருக்கார்ணா. உங்களை மன்னிச்சிட்டார்."

வாத்தியார் கையை உருவிக்கொண்டார். "நம்பாம சொல்றே. நானும் அன்னைக்கு நம்பாமத்தான் சொன்னேன். ஆனா சொல்லி முடிச்சப்புறம் உள்ள தேடிப் பாத்தேன். யாரும் இல்லடா." சற்று மூச்சு வாங்கினார். "இல்லாதவரு எப்படித் தண்டிக்கிறார்னு கேக்காதே. எனக்கே தெரியல. பயமா மட்டும் இருக்கு."

அதன் பிறகு ஐந்து நாள் உயிர் இருந்தது. அந்த ஐந்து நாளும் அவர் பிரார்த்தனை செய்யவில்லை. மற்றவர்களைச் செய்யவும் விடவில்லை. கூட்டத்து ஆட்கள் வந்து வாசலோடு போனார்கள். ஒரு சிலர் வரவே இல்லை. அவர் பயத்தில் கத்தியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டது.

சாவுக்கு வந்தவர்களோடு மெக்கானிக் ஒரு மூலையில் நின்றார். பிரார்த்தனை சொல்ல வந்த பெரியவர் வாத்தியாரின் பெயரைச் சொல்லும் இடத்தில் தயங்கி, பெயர் இல்லாமலே முடித்துவிட்டார். அண்ணி அதைக் கேட்டாள். அழவில்லை. எழுந்து நேராக மெக்கானிக்கிடம் வந்தாள்.

"உங்க உடம்பு இப்ப எப்படி இருக்கு தம்பி?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி விசாரித்தாள்.

"நல்லா இருக்கேன் அண்ணி" என்றார் அவர்.

அவள் தலையாட்டிவிட்டு, புதிதாக வந்தவர்கள் உட்கார நாற்காலியை இழுத்துப் போடப் போனாள்.