தரைச்சக்கரத்தில் அந்தமான் சிறை

காரியாபட்டியிலிருந்து வந்த ராஜபாண்டியன் சிவகாசி அச்சகத்தில் உட்கார்ந்ததிலிருந்து, அவர் மகள் சுகிர்தாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் அந்த அச்சகத்து வீட்டுச் சூர்யபிரகாஷைக் கட்டிக்கொள்ளலாமா கூடாதா என்று அப்பா இன்று சொல்லிவிடுவார்.

"பட்டாசு லேபிள் அடிக்கிற வீடு. நமக்கும் அவுகளுக்கும் என்ன பொருத்தம்?" என்று ஒரு வருடமாக இழுத்தடித்தவர் அவர். மகள் எழுதிய அந்தமான் சிறையின் வரலாற்றைச் சூர்யாவே அச்சடிக்கிறான் என்றதும்தான் வரச் சம்மதித்தார். அவருடைய தாத்தா அந்தச் சிறையில் கிடந்தவர்.

"மேலட்டை எங்க தம்பி?"

"இந்தா வருது மாமா" என்றான் சூர்யா. ஃபோர்மேன் பாண்டிச்செல்வம் ஒரு தாளைக் கொண்டுவந்து விரித்தார்.

சுகிர்தாவுக்குப் பகீரென்றது. அவள் வரைந்த சிறைதான். நடுவில் கோபுரம், அதிலிருந்து ஏழு பக்கமும் நீளும் கட்டடங்கள். ஆனால் சுற்றிலும் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பொறி பறந்தது. கீழே தங்க எழுத்தில் 'தரைச்சக்கரம் ஸ்பெஷல்'.

"பாண்டியண்ணே! என்ன இது?" என்று பதறினான் சூர்யா.

"விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனி ஆர்டருதான தம்பி? மேசையில சக்கரம் படம் கெடந்துச்சு. சீசன் நேரமாச்சேன்னு நானே கலர் சேத்துவிட்டேன்."

"ஜெயிலுண்ணே அது!"

"சக்கரம் மாதிரி ஜெயிலக் கட்டுனா நா என்ன செய்ய?"

சூர்யா ராஜபாண்டியன் பக்கம் திரும்பினான். "மாமா, இது சாம்பிள் தாள்தான். மொத்தமா இன்னும் அடிக்கல. மன்னிச்சிருங்க."

ராஜபாண்டியன் கோபுரத்தின் மேல் விரலை வைத்தார். "இங்கன நின்னு ஒருத்தனே ஏழு பக்கமும் காவல் பாத்துக்கிருவான். உள்ள இருக்கவனுக்கு அடுத்த கட்டடத்து முதுகுதான் தெரியும். மனுச மொகமே தெரியாதும்பாரு தாத்தா."

அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பதறிக் கிட்டே போனாள் சுகிர்தா. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஜெயிலக் கொளுத்திப் போடணும்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டுக் கெடந்தாரு மனுசன். நீங்க வருசாவருசம் கொளுத்த வழி பண்ணிட்டீகளே! புத்தகத்துக்கு அவ வரைஞ்சதப் போடுங்க. இதையும் அடிங்க மாப்ள. தீவாளிக்கு எங்க வீட்டுக்கு ஒரு பெட்டி வேணும்."

"தப்பா எடுத்துக்கிறாதீக மாமா, இனிமே இப்படி..." என்று சூர்யா இன்னும் மன்னிப்பே கேட்டுக்கொண்டிருந்தான்.

சுகிர்தா அவன் கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"மாப்ளைன்னு கூப்புடுறாக. காது கேக்கலையா?"