அக்கா வரைந்த கோட்டை

வீடு கட்டுவதற்கான வரைபடம் ஒன்றில் படிக்கட்டைத் தவறாக வரைந்ததற்காக அக்காவை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதன் பிறகு அவள் பென்சிலைத் தொடவே இல்லை. பேசிப் பேசி எங்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அப்படிப்பட்டவள் திடீரென்று, "ஒரு கோட்டை வரைஞ்சிருக்கேன், விளையாட வர்றீங்களா?" என்று கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்கள்?

ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, கேமராவில் முகம் பார்த்தபடி கணினியில் ஆடும் கதை விளையாட்டு அது. கதையை நடத்துபவள் அக்கா. கோட்டைக்குள் நுழைபவர்கள் நான், நர்ஸ் வேலை பார்க்கும் சித்தி, லிஃப்ட் மெக்கானிக் மாமா. வரைபடம் முழுக்கக் கருப்பாக மூடியிருக்கும். நம் ஆள் நடக்க நடக்க, அவன் கைவிளக்கு எட்டும் இடம் மட்டும் திறக்கும். அடுத்த அறையில் என்ன என்று தெரியாமல் பயப்படுவதில்தான் சுகமே.

"இது சொதப்பிடுச்சுன்னா இனிமே எதையுமே வரைய மாட்டேன்," என்று சொல்லித்தான் ஆரம்பித்தாள்.

முதல் கதவைத் திறப்பதற்குப் பதில் வேறு எதையோ அழுத்தித் தொலைத்தாள். மொத்தக் கருப்பும் விலகியது. தாழ்வாரத்தில் குழி, கிணற்றடியில் அரக்கன், சமையல்கட்டில் புதையல், எல்லாம் பட்டவர்த்தனம். பதறிப்போய் மூடினாள்.

"யாராவது... ஏதாவது பாத்தீங்களா?"

அந்தக் குரலைக் கேட்டு எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

"இல்லம்மா, எனக்கு ஸ்க்ரீன் அப்படியே நின்னுபோச்சு," என்றார் மாமா.

"எனக்கும்தான்," என்றாள் சித்தி. நானும் கூசாமல் தலையாட்டினேன்.

"கொஞ்சம் இருங்க, டீ போட்டு எடுத்துட்டு வந்துடறேன்," என்று அக்கா கேமராவை அணைத்தாள்.

அவள் திரும்பி வந்ததும் எங்கள் நாடகம் தொடங்கியது. மாமா தெரிந்தே போய்க் குழியில் விழுந்து, "ஐயோ, இங்க குழி இருக்கும்னு யாருக்குத் தெரியும்!" என்று ஒப்பாரி வைத்தார். சித்தி காலி அறைகளை எல்லாம் எட்டிப் பார்த்து, "என்ன இருக்குமோ, பயமா இருக்கே," என்று நடுங்கினாள். இந்த லட்சணத்தில் நடித்தால் பச்சைக் குழந்தைகூட நம்பாது.

ஒருவழியாகச் சமையல்கட்டுக்கு வந்து சேர்ந்தோம். புதையலை எடுத்துவிட்டால் ஆட்டம் நல்லபடியாக முடிந்துவிடும். மாமாவின் ஆள் தெம்பாகக் கதவை உதைத்தான். கருப்பு கட்டம் கட்டமாக விலகியது. முதலில் ஒரு நகம். பிறகு ஒரு கண்.

மூன்று பேரும் அலறினோம். இந்த முறை நடிப்பே இல்லை. மாமாவின் நாற்காலி சாய்ந்த சத்தம்கூடக் கேட்டது.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "மூணு பேருக்கும் ஒரே நேரத்துல ஸ்க்ரீன் நிக்குமா? யார் காதுல பூ சுத்தறீங்க? டீயும் போடல, ஒண்ணும் போடல. அரக்கனை இடம் மாத்திட்டு இருந்தேன். தப்பாப் போச்சு, அழிச்சுட்டு வேற வரைஞ்சேன். அவ்ளோதான்."

வேலை போன நாளிலிருந்து 'தப்பு' என்ற சொல்லை அவள் அழாமல் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சித்தியும் மூக்கை உறிஞ்சினாள்.

"அழுகையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்," என்று மாமா கத்தினார். "அது என் காலைத் தின்னுட்டு இருக்கு!"