முத்திரை இல்லாத போல்ட்டு

ஏலத்தோட்டங்களுக்கு மருந்து தெளிக்கும் விமானத்தின் இறக்கைப் போல்ட்டு விரிசல் விட்டிருந்தது. முத்திரை குத்திய அசல் போல்ட்டு சீமையிலிருந்து வரவேண்டும். விலையைக் கேட்ட முதலாளி, அந்தக் காசுக்குத் தோட்டமே வாங்கலாமென்று போடியில் ஒரு லேத்துப் பட்டறையில் ஒன்றைக் கடைந்து வாங்கிவிட்டார். அதை மாட்டிப் பறக்க வேண்டியவன் அக்தர் பானுவின் கணவன் சிக்கந்தர்.

"வேணாங்க," என்று காலைப் பிடித்தாள்.

"நான் போகலேன்னா வேற ஆளு போவான். அப்புறம் சோத்துக்கு உங்கத்தா வீட்டுக்குத்தான் போகணும்," என்று சிரித்துவிட்டுக் குளிக்கப் போனான்.

அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்த போல்ட்டை, மண்டிக்குப் போக வாசலில் கிடந்த ஏலக்காய் மூட்டைக்குள் திணித்துத் தைத்தாள். மண்டி லாரி அதை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

சிக்கந்தர் வீடெல்லாம் தேடினான். "போனாப் போகுது புள்ள. பட்டறைக்கார ஒச்சப்பண்ணே வெரசா இன்னொண்ணு கடைஞ்சு தருவாரு. ஒரு டீ குடிக்கிற நேரந்தான்."

தொலைந்தால் லேசில் கிடைக்காதது அசல் போல்ட்டுதான்; பட்டறையில் கடைந்தது அல்ல. அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"பட்டறைக்கு நானும் வர்றேன்," என்றாள். போய் என்ன செய்வதென்று தெரியவில்லை.