நாலு ஸ்க்ரூ

கருத்துப்போன திரைக்குள் எங்கள் இரண்டு முகங்கள், வாணியின் வாய் பாதி திறந்தபடி, அவள் முதுகுக்குப் பின்னால் திருப்புளியும் கையுமாக நான், காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை, வரைந்துகொண்டிருந்த வீட்டின் சமையலறைச் சுவர் பாதியில் நிற்க கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்துவிட்டது, போச்சுங்க என்கிறாள் என் மனைவி, நாலு மணிக்குள்ள பிளானை அனுப்பலைன்னா அந்த ஈரோட்டு இஞ்சினியர் வேற ஆளப் பாத்துக்குவாருங்க, டிப்ளமோ சிவில் படித்தவள், கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வரைகிற முதல் வீடு, அதற்காகத்தான் சாமான் சாமானாக வாங்கிவந்து என் கையாலேயே இதைப் பூட்டினேன், போர்வெல் வண்டியில் பதினாறு வருஷம் ராடு பூட்டியவனுக்கு இது எம்மாத்திரம் என்றிருந்தேன், பூட்டிய நாளிலிருந்து இதே கூத்து, ஒருதரம் பத்து நிமிஷத்தில் படுத்துக்கொள்ளும், ஒருதரம் இரண்டு மணி நேரம் ஓடி ஆசை காட்டும், மெமரியைக் கழற்றி இடம் மாற்றினேன், விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டேன், பவர் சப்ளையைக் கடையில் கொடுத்து வேறு வாங்கினேன், எதற்கும் மசியவில்லை, எங்கள் வண்டி டிரில்லர் செல்லமுத்தண்ணன் போனில் சிரிக்கிறார், ஏன்டா, போருக்கு எறக்கற மாதிரி கேசிங் பைப்பு எறக்கிப் பாத்தியா, நீங்க வேறண்ணா, வயித்தெரிச்சலக் கெளப்பாதீங்க.

அந்தச் சிரிப்புக்குள்ளேயே பழைய கரட்டுக்காடு ஒன்று விரிகிறது, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசமே ஆன நான் பூட்டிய ராடு இறுகாமல் கழன்று, கீழே இருந்த ராடு அத்தனையும் குழிக்குள் போகிறது, மூன்று நாள் இரும்புத் தூண்டில் போட்டுத் துழாவியும் வரவில்லை, செல்லமுத்தண்ணன் என்னை அடிக்கவில்லை, சோறு போடும்போது என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை, அதிலிருந்து என் கைக்கு ஒரே புத்திதான், இனித் திரும்பாது என்கிற வரைக்கும் முறுக்கு, அதற்குமேல் ஒரு முறுக்கு, இப்போது வாணி வயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, ஒரு கண்ணை மூடி, கான்கிரீட் தளத்துக்கு மட்டம் பார்க்கிறவள் போல உள்ளே பார்க்கிறாள், ஏனுங்க, மதர்போர்டு தொய்ஞ்சு கெடக்குதுங்க, எங்கே, இந்த ஃபேன் உக்காந்திருக்கிற எடத்துல, நடுவுல குழிவு பாருங்க, இந்த நாலு ஸ்க்ரூவ எவ்வளவு முறுக்குனீங்க, இனித் திரும்பாதுங்கற வரைக்கும், அதுக்குமேல, என் கை திருப்புளியைப் பின்னால் மறைக்கிறது, அதுக்குமேல ஒன்னுங்களா, ம், அடக் கருமமே, இதென்ன போர் ராடுங்களா, கழண்டா அறநூறு அடிக்கா போயிரும், போர்டு வளைஞ்சா மெமரி எப்படிங்க ஒட்டி நிக்கும்.

இளக்க என் கைக்குத் தெரியவில்லை, திருப்புளியைப் பிடித்ததும் எங்கோ அடியில் ராடு கழலும் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறது, மெதுவா, கால் சுத்து, எதிர்மூலை, இன்னொரு கால் சுத்து, போதும் போதும் என்று வாணி சொல்லச் சொல்ல, டிக்கென்று சின்னதாய் ஒரு சத்தம், போர்டு நிமிர்ந்தது, மணி இரண்டேகால், வயரைச் சொருகியதும் திரை வெளுக்கிறது, அவள் சமையலறைச் சுவரைத் திரும்ப எழுப்புகிறாள், அரை மணி, ஒரு மணி, எனக்குப் பின்னொரு வருஷம் போட்ட போர் ஒன்று ஞாபகம் வருகிறது, அறுநூற்றுப் பத்தடியில் புழுதி ஈரமாகிறது, பிறகு சேறு, பிறகு பனைமர உயரத்துக்குத் தண்ணீர், தோட்டத்துச் சொந்தக்காரர் கட்டிய வேட்டியோடு அதற்குக் கீழே உட்கார்ந்து நனைகிறார், செல்லமுத்தண்ணன் சந்தோஷத்தில் என்னைத் தூக்கிச் சேற்றில் போடுகிறார், இங்கே திரையில் படுக்கையறை முடிகிறது, மாடிப்படி ஏறுகிறது, ஜன்னல்கள் திறந்துகொள்கின்றன, போயிருச்சுங்க என்கிறாள் வாணி, என்னது போயிருச்சா, பிளானுங்க, அனுப்பிட்டேன், மூணு நாப்பதுக்கே, சொல்லி முடிப்பதற்குள் திரை கருக்கிறது, என் கை தானாகத் திருப்புளிக்குப் பாய்கிறது, அதக் கீழ வைங்க, நாந்தாங்க அணைச்சேன், கருத்த திரைக்குள் எங்கள் இரண்டு முகங்கள், வாணியின் வாய் முழுக்கத் திறந்து, பல்லெல்லாம் தெரிய.