திங்கட்கிழமைச் செல்கள்

திங்கட்கிழமையானால் செல்களுக்கு மூச்சு முட்டியது. ஆய்வகத்தில் அதே சிறுநீரகச் செல்கள், அதே வளர்ப்புப் பெட்டி, அதே காற்று. மற்ற நாட்களில் சமர்த்தாக இருப்பவை, திங்கள் காலை எடுத்துச் சோதித்தால் மலையுச்சியில் விட்டுவந்ததுபோல ஒரே கூப்பாடு. ஏன் என்று தாராளத்துக்குப் புரியவில்லை.

தாராளம் என்பது ஆய்வகம் அவருக்கு வைத்த பெயர். கையுறை கேட்டால் பெட்டியோடு கொடுப்பார். அவர் தேநீர் ஊற்றினால் கோப்பைக்குக் கீழிருக்கும் தட்டும் ஒரு வாய் குடிக்கும்.

கூப்பாடு என்பதும் சும்மா சொன்னதில்லை. செல்லுக்குள் ஒரு புரதம் ஓயாமல் உருவாகிக்கொண்டே இருக்கும். ஆக்ஸிஜன் இருக்கும்வரை செல்லே அதை உடனுக்குடன் சிதைத்துவிடும். செய்வானேன், சிதைப்பானேன் என்று தோன்றும். ஆனால் ஆபத்து வந்தபின் மணியைத் தேடி ஓட வேண்டாம் பாருங்கள். கை எப்போதும் கயிற்றிலேயே இருக்கிறது. ஆக்ஸிஜன் குறைந்ததும் சிதைப்பது நிற்கும், புரதம் குவியும், மணி அடிக்கும். அதைக் கேட்டுத்தான் சிறுநீரகம் எலும்பு மஜ்ஜைக்கு, ‘சிவப்பணு அனுப்பு’ என்று சொல்லி அனுப்புகிறது. நோயுற்ற சிறுநீரகம் சரியாகச் சொல்லி அனுப்பாது, ஆள் வெளிறிப்போவார். மணியை மாத்திரையால் அடிக்க வைக்கலாமா என்று பார்ப்பதுதான் குழுவின் வேலை. மாத்திரை போடாத தட்டிலேயே மணி அடித்தால், மற்றதில் அடித்தது மாத்திரையா பேயா என்று யார் சொல்வது?

“திங்கக்கிழமைன்னா நமக்குத்தான் மூச்சு முட்டும்னு நெனச்சேன்,” என்றாள் பக்கத்து மேசைக்காரி. அவள் பெயர் சந்தேகம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவள். வாயு உருளையை மாற்றினாள், அளவுமானியை மாற்றினாள், கடைசியில் தாராளத்தையே ஏற இறங்கப் பார்த்தாள்.

“அண்ணா, வெள்ளிக்கிழமை ஏதாவது வேற மாதிரி செய்றீங்களா?”

“ஒண்ணுமே இல்லம்மா. எல்லாம் வழக்கம்போலத்தான்.”

குழுத்தலைவியான மேடம் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “வர்ற திங்களும் இப்படின்னா, மாத்திரை மேல்மாடிக் குழுவுக்குப் போயிடும்.”

மூன்று வருட வேலை. அதைவிட, வீட்டில் மாமனார் இருந்தார். டயாலிசிஸில் இருப்பவர். காகிதம்போல வெளுத்த கையை நீட்டி, “என் மாத்திரை எதுவரைக்கும் வந்திருக்கு மாப்பிள்ளை?” என்று தினமும் கேட்பார். மாத்திரை அவர் ஒருவருக்காகவே தயாராவதுபோலத் தாராளமும் பதில் சொல்வார்.

அந்தச் சனிக்கிழமை மனைவி தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். மாமனாரின் குடிநீருக்கு, நாளுக்கு இவ்வளவுதான் என்று அவள் வைத்திருந்த அளவுபாட்டில் மதியத்துக்குள் காலி.

“தொண்டை நனையற அளவுக்கு மட்டும், மாப்பிள்ளை.”

தொண்டை எவ்வளவு நீளம் என்று யாருக்குத் தெரியும்? தாராளம் டம்ளர் தளும்ப ஊற்றினார். சாயங்காலம் இன்னொன்று. பாவம், நாக்கு வறண்டிருந்ததே.

ஞாயிறு காலை மாமனாரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்து இளைத்தார். வெளியேற வழியில்லாத நீர் நுரையீரலில் கோத்துக்கொண்டது என்றார் மருத்துவர். அவசரமாக டயாலிசிஸ் ஓடியது. மதியத்துக்குள் முகத்தில் களை திரும்பி, ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து பேசவும் தொடங்கிவிட்டார்.

“மாப்பிள்ளைய திட்டாதம்மா. நல்ல மனசு.”

“நல்ல மனசுதாம்ப்பா! பாவம் பாவம்னு ஊத்தி ஊத்தியே மூச்சு முட்ட வச்சுட்டாரு!” என்றாள் மகள்.

தாராளம் எழுந்து நின்றார். “திரும்பச் சொல்லு.”

“ஏன், வாங்கினது பத்தலையா?”

“ஊத்தி ஊத்தி…” என்று முணுமுணுத்தார். வெள்ளிக்கிழமை! இரண்டு நாள் யாரும் வரமாட்டார்கள், பாவம், பசிக்குமே என்று செல்களுக்குத் தட்டு விளிம்புவரை ஊட்டத் திரவம் ஊற்றுவார். ஒவ்வொரு வெள்ளியும் ஊற்றியதால்தான் அது வழக்கமாகிவிட்டது. செல்கள் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. பெட்டி நிறையக் காற்று இருந்தாலும் ஆக்ஸிஜன் திரவத்தைக் கடந்துதான் கீழே வர வேண்டும். ஆழம் கூடினால் மெதுவாக வரும், வருவதற்குள் செல்கள் உள்ளதைச் செலவழித்துவிடும். சோறு தலைக்குமேல், மூச்சுக்குத்தான் பஞ்சம்.

“போயிட்டு ஓடி வந்துடுறேன்,” என்றார்.

“போங்க. இங்க இருந்தா தண்ணி குடுப்பீங்க.”

ஆய்வகத்தில் பாதித் தட்டுகளில் திரவத்தை உறிஞ்சி எடுத்து மற்ற நாட்களைப்போல இரண்டு மில்லி மட்டும் விட்டுவைத்தார். மீதியைத் தொடவில்லை. கை குறைவாக ஊற்றிப் பழகாததால் அளவுகுழாயின் கோட்டை ஒவ்வொரு முறையும் குனிந்து சரிபார்த்துக்கொண்டார்.

திங்கள் காலை சந்தேகம் சோதித்தாள். நம்பாமல் மறுபடியும் சோதித்தாள். ஆழத் தட்டுகள் அலறின. மற்றவற்றில் சத்தமே இல்லை.

மேடம் இருவகைத் தட்டுகளின் சோதனைப் படங்களையும் மாறிமாறிப் பார்த்தார். “இவ்வளவு நாளா பாசத்தையா அளந்துட்டு இருந்தோம்?”

மாத்திரை கீழ்மாடியிலேயே இருந்தது. மாமனார் கதையைக் கேட்டுவிட்டு, “அதுங்களுக்கும் அளவுதானா?” என்று கொஞ்சம் சந்தோஷப்பட்டார். மகள் ஊற்றிக்கொடுத்த கால் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். டம்ளரின் அடி பளிச்சென்று தெரிந்தது.

இப்போது பெட்டியின் கதவில் சந்தேகத்தின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: வெள்ளிக்கிழமையும் இரண்டு மில்லிதான். ஞாயிறு காலை வந்து புதிதாக மாற்றவும்.