செவலையை இடப்பக்கம் பூட்டிய டீசர்ட்

ஜானகியம்மாளின் கல்யாண போட்டோ சுவரில் இல்லை. போட்டோ பீரோவுக்குள் பத்திரமாகத்தான் இருந்தது. அதன் மரச்சட்டம் மட்டும் சமையல்கட்டுத் தரையில், மகள் யோகப்பிரியாவின் மடியில் கிடந்தது. சட்டத்தின் மேல் வலை மாதிரி மெல்லிய, அம்மாவின் ஆர்கன்சா சேலையிலிருந்து வெட்டிய ஒரு துண்டை அவள் விறைப்பாக இழுத்து ஆணியடித்துக்கொண்டிருந்தாள்.

“நீதான் அந்தச் சேலையக் கட்டறதே இல்லியேம்மா.”

“கட்டாத சேலையெல்லாம் வெட்டற சேலையாடி?”

நியாயமான கேள்விதான். ஆனால் டீசர்ட் அச்சடிக்கக் கிளம்பிய பெண்ணிடம் நியாயம் பேசி யார் ஜெயித்தார்கள்? மூன்று மாதமாக அந்த வீட்டுச் சமையல்கட்டு சமையலுக்குப் பயன்பட்டதைவிட அச்சுக்குப் பயன்பட்டதுதான் அதிகம். தரை துடைக்கும் வைப்பரின் ரப்பரைக் கழற்றி மை வழிக்க வைத்துக்கொண்டாள். தென்னைக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயர் சட்டத்தைக் கழுவ வந்துவிட்டது. கரண்டு போன நாளில் இஸ்திரிப் பெட்டிக்குப் பதில் தோசைக்கல்லைச் சூடாக்கி, மயில் அச்சடித்த டீசர்ட்டின் மேல் வைத்துத் தேய்த்தாள். மறுநாள் தோசையில் நீலமாக ஒரு மயில் கழுத்து தெரிந்தது. அன்றைக்குத்தான் ஜானகியம்மாள் தீர்ப்புச் சொன்னாள்: இன்னும் ஒரே ஒரு ஆர்டர், அதோடு சமையல்கட்டில் மை வேலை முடிந்தது. அப்புறம் ஒரு சொட்டு சிந்தினாலும் சாமானெல்லாம் தோட்டத்துக் குழிக்குள் போகும்.

யோகப்பிரியாவுக்கு இருந்த ஒரே நம்பிக்கை தாய்மாமன் ஆறுச்சாமிதான். எல்லைக்கு மலையாளப் பக்கம், பெருமாட்டியில் அவருடைய தென்னந்தோப்புக்குள் பழைய மோட்டார் ரூம் ஒன்று சும்மா கிடந்தது. கிணற்றுக்குள்ளேயே இறங்கும் மோட்டார் வந்த பிறகு அந்த ரூமுக்குள் பல்லியைத் தவிர யாரும் போவதில்லை. அதை அவள் கேட்டாள். ஆறுச்சாமி மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

“ரேக்ளாவுக்கு நம்ம ஆளுக பதினெட்டுப் பேருக்கு டீசர்ட் அடிச்சுக் குடு அம்முணி. பாக்கறவன் அசந்து போகோணும். அசந்தான்னா ரூமு உனக்கு. இல்லீன்னா அதுல நான் தேங்கா மட்டை அடுக்கீருவேன்.”

எல்லை தாண்டி, தமிழ்ப் பக்கம், பொள்ளாச்சிப் பக்கத்து ஊரில் ஞாயிற்றுக்கிழமை ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயம். ஆறுச்சாமியின் காளை ஜோடி, சாம்பல் வெள்ளையில் மயிலையும் செம்பழுப்பில் செவலையும். மயிலை இடப்பக்கம், செவலை வலப்பக்கம். கன்றாய்ப் பழக்கிய நாளிலிருந்து அப்படித்தான். படத்தில் எழுத்து வேண்டாம் என்று ஆறுச்சாமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தமிழில் போட்டால் இந்தப் பக்கம் ஒருத்தன் கேட்பான், மலையாளத்தில் போட்டால் அந்தப் பக்கம் ஒருத்தன் கேட்பான், மாடு போட்டால் எவன் கேட்பான்? அதுவும் வண்டி ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, பின்னாலிருந்து பார்த்த மாடு. ஆக, யோகப்பிரியா இரண்டு நாள் உட்கார்ந்து இரண்டு மாட்டின் பின்புறத்தை வரைந்தாள். உயிருள்ள மாட்டைப் போய்ப் பார்த்து, வாலடி இரண்டு வாங்கித்தான் வரைந்தாள். இருப்பது ஒரே மை என்பதால் மயிலை வெறும் கோடு. செவலைக்கு உடம்பெல்லாம் கறுப்பு, வலக்கொம்பின் நுனி உடைசல். அசல் மாடே தோற்றுப்போகும்.

வரைந்த தாளில் தேங்காயெண்ணெயைப் பூசினாள். எண்ணெய் ஊறினால் தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வெளிச்சம் பட்டால் இறுகும் பசையைச் சட்டத்துச் சேலையில் தடவி, பூட்டிய குளியலறை இருட்டில் காய வைத்து, அதன் மேல் தாளை வைத்து, ஜன்னல் கண்ணாடியால் அமுக்கி, மொட்டைமாடி வெயிலில் காட்டினாள். கறுப்புக் கோடு மறைத்த இடத்தில் மட்டும் பசை இறுகாது. கழுவினால் அங்கே துளை விழும், அது வழியாக மை இறங்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பதினெட்டு டீசர்ட்டின் முதுகிலும் மாட்டு ஜோடி இறங்கி, கொடியில் வரிசையாக ஆடியது. யோகப்பிரியாவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஜானகியம்மாள் வந்தாள். இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்குது. ஆனா ஏன்டி செவலைய எடப்பக்கம் பூட்டியிருக்கற?”

யோகப்பிரியா கொடியைப் பார்த்தாள். தாளை எடுத்துப் பார்த்தாள். எண்ணெய் ஊறிய தாளில் முன்னும் பின்னும் ஒரே மாதிரி தெரிந்தது. சட்டத்தின் மேல் அதைத் திருப்பி வைத்துவிட்டிருந்தாள்.

“யாருக்கும்மா தெரியப் போகுது?”

“ஏன்டி, உங்க மாமன் என்ற மூஞ்சிய மறந்தாலும் மாட்டுப் பக்கத்த மறப்பாராடி?”

வேறு டீசர்ட் இல்லை, மையும் இல்லை. யோகப்பிரியா முதுகு உள்ளே போகும்படி பதினெட்டையும் மடித்தாள். மோட்டார் ரூமில் தேங்காய் மட்டை அடுக்கும் சத்தம் அவளுக்கு இப்போதே கேட்டது. அழுகை வந்தது, அழவில்லை. அழுதால் அம்மா ஜெயித்துவிடுவாள்.

ஞாயிறு காலை எல்லாரும் டெம்போவில் வைத்தே டீசர்ட்டை மாட்டிக்கொண்டார்கள். அவனவன் முதுகு அவனவனுக்குத் தெரியாது. பலகையில் சாய்ந்து உட்கார்ந்ததால் அடுத்தவன் முதுகும் தெரியவில்லை. பந்தயத் திடலில் இறங்கி நடக்கும்போதுதான் பதினேழு முதுகும் ஆறுச்சாமியின் கண் முன்னால் வரிசையாகப் போயின. ஆறுச்சாமி நின்றார். மீசை நின்றது. யோகப்பிரியா டெம்போவுக்குப் பின்னால் பதுங்கினாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் பூபதிராஜா வந்துவிட்டார். மூன்று வருடமாகக் கோப்பையை விடாமல் தூக்கிக்கொண்டு போகிறவர். ஆறுச்சாமி தும்மினாலும் அதில் ஏதோ சூட்சுமம் இருக்கும் என்று நம்புகிறவரும் அவர்தான். முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

“ஏனுங்கண்ணா, இந்த வருசம் செவலைய எடப்பக்கம் மாத்திப் பூட்டறீங்களாட்ட இருக்குது?”

மருமகள் மாட்டை மாற்றி அச்சடித்துவிட்டாள் என்று ஊரறியச் சொல்ல ஆறுச்சாமிக்கு நாக்கு வரவில்லை. கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

“பாத்தாத் தெரியலீங்களா?” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பூபதிராஜா அங்கேயே நின்றார். பிறகு ஓட்டமும் நடையுமாகத் தன் வண்டிக்குப் போனார். ஒவ்வொரு வண்டியாக ஓடவிட்டு நேரம் பார்க்கும் பந்தயம், அவருடைய வண்டிதான் முதலில் ஓட வேண்டும். நுகத்தடிக் கயிற்றை அவிழ்த்து, இடத்து மாட்டை வலத்திலும் வலத்து மாட்டை இடத்திலும் பூட்டினார். அவருடைய ஆட்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பந்தயக் கொடி இறங்கியது. ஒரு மாடு பழைய பக்கம் போகத் தள்ளியது. இன்னொன்றும் பழைய பக்கம் போகத் தள்ளியது. வண்டி நின்ற இடத்திலேயே இரண்டு சுற்றுச் சுற்றி, திடலை விட்டு வெளியேறி, கரும்புச் சாறு கடைக்குப் போய் நின்றது. மாடுகள் சக்கையைத் தின்ன ஆரம்பித்தன. பூபதிராஜா வண்டியில் உட்கார்ந்தபடியே வானத்தைப் பார்த்தார்.

ஆறுச்சாமி மயிலையை இடப்பக்கமும் செவலையை வலப்பக்கமும், வழக்கம்போலப் பூட்டினார். முதல் பரிசு.

திடலே ஆர்ப்பரித்தது. “டீசர்ட்லயே கண்ணி வெச்சுப்போட்டாரப்பா!” என்றான் ஒருத்தன். “மூளைன்னா இதுதான் மூளை!” என்றான் இன்னொருத்தன். யார் யாரோ வந்து ஆறுச்சாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். முதுகைக் காட்டச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள்.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் ஆறுச்சாமி டெம்போவுக்குப் பின்னால் வந்தார். யோகப்பிரியா எழுந்து நின்றாள். மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“மாமா, அது… எண்ணெய்த் தாளத் திருப்பி வெச்சுட்டனுங்க. தெரியாம…”

“சத்தமாப் பேசாத!” ஆறுச்சாமி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குனிந்து, கிட்டத்தட்டக் கெஞ்சினார். “அறுவது வயசாச்சு அம்முணி. என்னய மூளைக்காரன்னு ஊரு இன்னைக்குத்தான் சொல்லுது. கெடுத்துப் போடாத.”

யோகப்பிரியா அவரைப் பார்த்தாள். அந்தப் பெரிய மீசைக்காரர் அவள் வாயிலிருந்து என்ன வரப் போகிறதோ என்று பயந்து நிற்பதை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. டெம்போ மறைவிலிருந்து ஓரடி முன்னால் வந்தாள்.

“மோட்டார் ரூமுங்க மாமா?”

“உன்னுதுதான்.”

“பக்கத்துல இருக்கற தண்ணித்தொட்டி?”

“எடுத்துக்கோ.”

அவள் கண் அவர் கையிலிருந்த பரிசுக் கோப்பைக்குப் போனது.

“அந்தக் கோப்பையும் அங்கதானுங்க இருக்கோணும். மை கலக்க ஒரு ஏனம் வேணும்.”

ஆறுச்சாமி கோப்பையைப் பார்த்தார். திடலில் இன்னும் தன்னைக் கைகாட்டிப் பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தைப் பார்த்தார். கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டே கூட்டத்துக்குள் போனார்.